பல் டாக்டரின் நான்காவது டெஸ்ட்

பெரிய வண்டி ஓட்டுவதில் ரிவர்ஸ் எடுப்பதுதான் கஷ்டம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ரிவர்ஸில் என்ன ஆகிவிடும், மிஞ்சிப் போனால் ஒரு பூந்தொட்டி உடையும். இறக்கத்தில் இறக்குவதுதான் வித்தை. லைசென்ஸ் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாகப் பெரிய வண்டிகளுக்கு டெஸ்ட் எடுக்கிறவள் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் சார். எனக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நானும் தங்கையும் இரண்டே பேர். அவள் கணக்கு டீச்சர். சாயங்காலம் நான் டீ போடுவேன், அவளுக்கு முக்கால் ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் போட்டால் முகம் சுளிப்பாள், அரை ஸ்பூன் போட்டால் ஒன்றும் சொல்லாமல் பாதியில் வைத்துவிடுவாள். இப்படியே இருபது வருஷம் ஓடியது. ஒரு குறையும் இல்லை.

நாற்பத்தாறாவது வயதில் பல்வலி என்று போனாள். கடைவாய்ப் பல்லோடு மனசையும் அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள். பல் டாக்டர் மனைவியை இழந்தவர், ஓய்வு பெறப் போகிறவர், ஒன்பது மீட்டர் நீளத்தில் ஒரு பழைய கேரவன் வாங்கி வைத்திருந்தார். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே. கல்யாணம் செய்துகொண்டு அதிலேயே குடித்தனம், நினைத்த இடத்துக்குப் போவது என்று திட்டம்.

"அப்போ வீடு?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் நீ இருக்கியே அக்கா" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் வலித்தது. அவளை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை, விஷயம் அவ்வளவுதான். மீதியெல்லாம் விவரம்.

டாக்டரைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். தங்கமான மனிதர். என்னைவிட ஆறு வயது பெரியவர், வாய் நிறைய என்னை அக்கா என்பார். அந்த எடைக்குத் தனி லைசென்ஸ் வேண்டும் என்பதால் என்னிடமே டெஸ்டுக்கு வந்தார். உறவினருக்கு டெஸ்ட் எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கல்யாணம் இன்னும் ஆகவில்லையே, அதனால் காகிதத்தில் அவர் எனக்கு யாரோ.

முதல் தடவை திருப்பத்தில் மூக்கை மட்டும் பார்த்தார், வால் போய்க் கம்பத்தில் இடித்தது. ஃபெயில். இரண்டாம் தடவை வண்டியின் உயரம் என்ன என்று கேட்டேன். கூரையை அண்ணாந்து பார்த்து, "என்னை மாதிரி ரெண்டு ஆள் இருக்கும் மேடம்" என்றார். பாலத்துக்கு அடியில் போகிறவன் ஆள் கணக்கா பார்ப்பான்? ஃபெயில். மூன்றாம் தடவை மலைச்சாலை. உச்சியிலிருந்து அடிவாரம் வரை பிரேக்கிலிருந்து காலையே எடுக்கவில்லை. கீழே வந்தபோது வண்டி முழுக்கக் கருகல் வாடை.

"இறக்கத்துல பிரேக்கைப் பிடிக்காம வேற எதைப் பிடிக்கறது மேடம்?" என்று கேட்டார்.

கியரைக் குறைத்து, வண்டியை இஞ்சினே பிடித்துக்கொள்ளும்படி விட வேண்டும் சார். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லிக்கொடுப்பது டெஸ்ட் எடுப்பவரின் வேலை இல்லை. "பழகிட்டு வாங்க" என்று சொல்லி ஃபெயில் போட்டேன். மூன்றுமே நேர்மையான ஃபெயில், ஃபைலை எடுத்துப் பாருங்கள்.

அந்த வாரம் தங்கை சொன்னாள். பதிவுத் திருமணம் முடிந்ததும் டாக்டர் கேரவனை எடுத்துக்கொண்டு மலை தாண்டிக் கடற்கரைக்கு முன்னால் போவார். அவளுக்குப் பள்ளியில் மூன்று நாள் வேலை பாக்கி, ரயிலில் பின்னால் போவாள்.

"அப்போ அவர் மட்டும் தனியாவா போறார்?"

"ஆமாக்கா, லைசென்ஸ் மட்டும் கிடைச்சிடணும்."

அன்றைக்கு அவள் டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டேன்.

டெஸ்டுக்கு மூன்று பாதைகள் உண்டு, எது என்பது என் இஷ்டம். நான்காவது தடவை சமதளப் பாதையைச் சொன்னேன். பராமரிப்புக் கேள்விகளுக்காக பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் டிக்காஷன் மாதிரி கறுத்திருந்தது. அவர் வாங்குவதற்கு முன் வண்டி வருஷக்கணக்கில் ஷெட்டில் கிடந்தது, யாரும் மாற்றவில்லை. அப்படிப்பட்ட ஆயில் சூடேறிக் கொதித்தால், மிதித்த கால் வெறுமனே உள்ளே போகும். நான் டயர் காற்று எவ்வளவு, கேஸ் வால்வை எப்போது மூடுவீர்கள் என்று கேட்டேன். டாண் டாண் என்று சொன்னார். பாஸ்.

மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. போகும்போது திரும்பி வந்தார்.

"அக்கா, அந்த இறக்கம்தான் இன்னும் பயமா இருக்கு. ஒரு தடவை சொல்லித் தாங்களேன்."

"அதெல்லாம் ஓட்ட ஓட்டத் தானா வந்துடும்" என்றேன்.

நான் ஒரு திருகுகூடக் கழற்றவில்லை சார்.

புறப்படும் நாள் காலை டாக்டர் விடைபெற வந்தார். பின்னாலேயே தங்கை பையோடு வந்தாள். தலைமையாசிரியை பெரிய மனசு பண்ணி லீவு கொடுத்துவிட்டாராம், அவளும் கேரவனிலேயே போகிறாளாம். நிறுத்தியிருக்கலாம்தான். ஆனால் ஏன் என்று கேட்பாளே, என்ன சொல்வது? சொல்லிவிட்டால் அப்புறம் என் முகத்தில் விழிப்பாளா? யோசித்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், பின்பக்கம் பார்த்து உட்காரும் சீட்டில் அவளை உட்காரவைத்தேன். பெல்ட்டை நானே மாட்டி, இழுத்துப் பார்த்தேன்.

"எதுக்குக்கா, நான் முன்னாடி அவர் பக்கத்துல உட்கார்றேனே."

"சொன்னா கேளு" என்றேன்.

ஏழாவது வளைவு என்று உங்கள் அறிக்கையில் பார்த்தேன். நான் ஐந்து என்று நினைத்திருந்தேன், அவ்வளவு தூரம் தாக்குப்பிடித்திருக்கிறார். கொன்றாயா என்றால் கொன்றேன், ஒரு பாஸ் கையெழுத்தால். அவளுக்கு வலது கையும் இடுப்பும்தான் உடைந்தன. சீட் சரியான சீட் இல்லையா.

இப்போது வீட்டில் தன் பழைய அறையில்தான் இருக்கிறாள். இரண்டு மாதமாக நான்தான் ஊட்டிவிடுகிறேன், தலை வாரிவிடுகிறேன். ஒரு வார்த்தை பேசுவதில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். அதிர்ச்சி, போகப் போகச் சரியாகிவிடும்.

புகார் அவள் கொடுத்ததுதான் என்று இந்தக் காகிதத்தைக் காட்டுகிறீர்கள். இடது கையால் எழுதியிருக்கிறாள், பாவம், எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போகிறது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் கையைப் பிடித்து எழுதவைத்திருப்பேன். மணி ஐந்தரை ஆகிறதே சார், சீக்கிரம் முடித்து அனுப்பினால் நல்லது. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?