மூக்கறுந்த வீடு

முன்ன ஒரு காலத்துல, நம்ம ரதவீதி முக்குல தானுபிள்ளைன்னு ஒருத்தரு இருந்தாராம். தேரு பாக்கதுக்குன்னே மச்சு வச்சு வீடு கட்டுனாராம். கெட்டிக்காரரு! தேரு திரும்ப எடம் வேணும்லான்னு கோயிலுக்கே போயி அளந்துட்டு வந்தாரு. எந்தத் தேரை? சீலை கட்டாம, மூங்கி வைக்காம நின்ன மொட்டைத் தேரை! தலைப்பாவைக் கழட்டி வச்சுட்டு வாசலுக்கு அளவெடுத்த கதை.

தேரோட்டம் வந்துச்சு. சீலை கட்டி, ஒப்பனை பண்ணி, தேரு புடைச்சுக்கிட்டு வருது. முக்குல திரும்புச்சு. மச்சு மூலையில முட்டி நின்னுட்டு.

"பிள்ளைவாள், மச்சை இடியும் வேய்!"

"மூங்கிலை வெட்டுங்கலே!"

"சாமி ஒப்பனையில கை வைக்கவா?"

இவரு கத்த, அவுக கத்த, வெயிலு உச்சிக்கு ஏறிட்டு. தேரு நிலைக்குப் போயி சேர்ற வரைக்கும் தெருவுல ஒருத்தரும் அடுப்பு பத்த வைக்கக் கூடாதுல்லா? சின்னப் பிள்ளைக அழுவுது. பெருசுக வயிறு அதுக்கு மேல அழுவுது.

அந்த நேரம் பாத்து வீட்டுக்குள்ள பிள்ளைவாள் மருமவ கோமுக்கு வலி கண்டுட்டு. "வெந்நி எங்கட்டி? வெந்நி!"ன்னு மருத்துவச்சி சத்தம் போடுதா.

தானுபிள்ளையோட பொஞ்சாதி ஆவுடையம்மை வெளிய வந்தா. "இங்கேரும், உமக்கு மச்சு வேணுமா, பேரப்பிள்ளை வேணுமா?"

"ஏட்டி, கடுக்காத்தண்ணி விட்டு அரைச்ச சுண்ணாம்பு! உன்னால ஒரு சில்லு பேக்க முடியாது!"

அவ்வளவுதான். சேலையைத் தூக்கிச் சொருவுனா. கடப்பாரையோட மச்சுக்கு ஏறுனா. "தள்ளி நில்லுங்கலே!" ஒரு போடு போட்டா, அசையலை. இன்னொரு போடு போட்டா, அசையலை. அடுத்த போடு, மூலை பேந்து தெருவுல விழுந்துச்சாம். தேரு அசைஞ்சுட்டு.

ஆனா நிலைக்குப் போவ இன்னும் பாதித் தெரு கெடக்கே! உள்ள "தலை தெரியுது"ங்கா மருத்துவச்சி. ஆவுடையம்மை மேல நின்னே கேட்டாளாம்: "ஐயா, நான் இப்ப அடுப்பு பத்த வைக்கப் போறேன். யாரு தடுக்கப் போறிய?"

முன்வடம் பிடிச்ச மாடசாமி மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, "நாங்க பாக்கலை தாயி!"ன்னான். ஊரே திரும்பிட்டு. "நாங்க பாக்கலை! நாங்க பாக்கலை!"

புகை கெளம்புச்சாம். செத்த நேரத்துல பிள்ளை அழுத சத்தமும் கேட்டுச்சாம். அப்பவும் ஒருத்தரும் திரும்பலையாம்.

பெறவு மூலையைக் கட்ட தானுபிள்ளை கொத்தனாரைக் கூப்புட்டாராம். "அடுத்த வருசம் தேரு வராதோ?"ன்னு ஒத்தைக் கேள்வி கேட்டா ஆவுடையம்மை. மனுசன் கொத்தனாரைத் திருப்பி அனுப்பிட்டாரு.

அதான் இன்னைக்கும் அது மூக்கறுந்த வீடு. தேரன்னைக்குத் தெருவுல அந்த வீட்டுக்கு மட்டுந்தான் அடுப்பு உண்டு. முக்கு திரும்பையில எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு "நாங்க பாக்கலை!"ன்னு கத்துவாவ. அந்த வீட்டுக்கும் ஊருக்கும் ஏதோ பகைன்னு வெளியூர்க்காரன் நெனைப்பான். கத்துன வாயோட அங்கதான் காப்பி குடிக்கப் போறோம்னு அவனுக்கு எப்படித் தெரியும்?