ஒரே ஒரு வருசம்

— அப்போ நீ ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கலியா சஃப்ரீன்? புரோக்கர் அப்படித்தானம்மா சொன்னாரு!

— இல்ல நஜ்முன்னிசா மாமி. கால் ஒடஞ்சவனுக்கு எடுக்கிறது வேற. நான் பாக்கிறது வானத்துல.

— வானத்துல யாருக்கு என்ன ஒடஞ்சிது?

— அரே, யாருக்கும் ஒடையல. ரொம்ப தூரத்துல ஒரு கேலக்சி. அதுக்கு நட்டநடுவுல ஒரு கருந்துளை. பக்கத்துல வர்றதெல்லாத்தையும் முழுங்கும். விழப்போறது சூடேறி எக்ஸ்ரேயா எரியும். ஒருநாள் எக்கச்சக்கமா, ஒருநாள் கொஞ்சமா. அது கூடுறதையும் கொறையிறதையும் சாட்டிலைட் வழியா பாத்துக்கிட்டே இருக்கேன்.

— ஒத்தை ஒண்ணையேவா?

— ஒத்தை ஒண்ணையேதான்.

— எத்தன நாளைக்குட்டி?

— என் ஆயுசு பத்தாது மாமி. நான் பொறக்கதுக்கு முன்னாலயே யாரோ பாத்து எழுதி வச்சிருக்காங்க. இப்போ நான். எனக்குப் பெறவு இன்னொருத்தி.

— யா அல்லா! சரி, நேரா விசயத்துக்கு வாரேன். கீழ பட்டறை மெஷின் போடுத சத்தத்துல ஒங்க உம்மாகிட்ட எதும் பேச முடியல. எம்மவன் தப்ரேஸ் தங்கம். வாஷில சொந்த ஃப்ளாட்டு. ஒன் படிப்புக்கு நாங்க குறுக்க நிக்கல. நிக்காஹ் முடிஞ்சு ஒரு வருசம், ஒரே ஒரு வருசம் வீட்டோட இரு. அப்புறம் நீ பாட்டுக்குப் போ. ஒன் கேலக்சி எங்கயும் ஓடிராதுல்லா?

— அது ஓடாது. அந்த வருசம் ஓடிரும்.

— என்ன சொல்லுத நீ?

— தேக்கோ, இங்க பாருங்க மாமி, சாட்டிலைட்டு தானா அந்தப் பக்கம் திரும்பாது. நாங்க கெஞ்சிக் கேட்டுத் திருப்பணும். இது வருசக்கணக்கா மங்கிப் போய்க் கெடந்துது. ‘இனி ஒண்ணும் தேறாது’ன்னு எல்லாரும் கைகழுவிட்டாங்க. நான் மட்டும் விடல. போன வருசம் எந்திரிச்சு எரிஞ்சுது பாருங்க, எனக்கு அழுகையே வந்துட்டு! இப்போ மறுபடி எறங்குது. ஏன்னு தெரியணும்னா விடாமப் பாக்கணும். நடுவுல ஒரு வருசம் விட்டா அது ஓட்டை. அப்புறம் யாரு வந்தாலும் அடைக்க முடியாது.

— ஒனக்குப் பதிலா வேற ஒருத்தர் பாக்கட்டுமே.

— பாக்கலாம். ஆனா நான் ஏன் எந்திரிக்கணும்? அது என் நாற்காலி.

— வாய் நீளம்தான் ஒனக்கு. தாராவில பொண்ணுங்கள இப்படித்தான் வளக்காவளா?

— ஆமா, இப்படித்தான். இந்த பெல்ட் பட்டறைக்கு மேல, இதே சத்தத்துலதான் படிச்சேன். வாஷி ஃப்ளாட்டுல சத்தமே இருக்காது, தெரியும். அதுக்காக என் வேலைய விட்டுட்டு வர முடியாது.

— பையன் நல்ல பையன்ட்டி.

— இருக்கட்டும். வரட்டும், பேசட்டும், பிடிச்சா கட்டிக்கிடுதேன். ஆனா ஒரு வருசம் இல்ல, ஒரு வாரம்கூடத் தர மாட்டேன். கீழ போய் உம்மாகிட்ட சொல்லுங்க. அழுவாங்க. அழட்டும்.

— ஒனக்குப் பயமா இல்லியா?

— இருக்கு. பயந்தா நிறுத்தணுமா? நீங்க வீட்டுலயே இருந்தவங்க மாமி, ஒங்களுக்கு இது புரியாது.

— போய் ஒங்க உம்மாவக் கூட்டியா.

— எத்தன பேரு வந்து சொன்னாலும் என் பதில் மாறாது.

— மாத்தண்டாம். கூட்டியான்னா கூட்டியா. ‘ஒம்மவ ஒருநாள்கூட நிறுத்தமாட்டா, தப்ரேஸுக்கு அது சம்மதம்னா நிக்காஹ், இல்லன்னா இல்ல’ன்னு நானே சொல்லுதேன்.

— மாமி! திடீர்னு என்ன ஆச்சு ஒங்களுக்கு?

— நான் செம்பூர்ல கணக்கு டீச்சரா இருந்தவ மவளே. ‘ஒரே ஒரு வருசம் வீட்டோட இரு’ன்னுதான் எங்க மாமியாரும் சொன்னாவ.