எழுபத்தொரு பேர் சொன்ன மீன்

— எழுபத்தொண்ணா? நல்லாப் பாரு மக்ளே. கண்ணாடியப் போட்டுப் பாரு.

— போட்டுத்தான் சார் பாக்கேன். உங்க மீன் ஆராய்ச்சிப் பேப்பருக்கு மட்டும் எழுபத்தொண்ணு. உலகத்துல எழுபத்தொரு பேரு, அவங்கவங்க எழுதினதுல, 'குமாரதாஸ் இப்பிடிச் சொல்லியிருக்காரு'ன்னு உங்க பேர எடுத்திருக்காங்க.

— எனக்க பொண்டாட்டி விக்டோரியா கூட எனக்க பேர இத்தன தடவ எடுத்திருக்க மாட்டா.

— மிச்சப் பதிமூணு பேப்பரையும் சேத்தா எட்டு.

— எட்டு நூறா?

— எட்டு சார். வெறும் எட்டு. எறா வளப்புக்கு நாலு, காயல் தண்ணிக்கு மூணு, நண்டுக்கு ஒண்ணு. அந்த நாலுலயும் ரெண்டு, நீங்களே உங்க பேர எடுத்தது.

— நாமளே நம்மளச் சொல்லலன்னா வேற எவன் சொல்லுவான்? செரி, எழுது. திங்கக்கிழம பிரமோஷன் கமிட்டி வருது. படிவம் இன்னைக்கே ஆபீசுக்குப் போகணும்.

— எழுதிட்டுத்தான் இருக்கேன். எச்-இண்டெக்ஸ் மூணு.

— அது என்ன எளவு?

— மூணு தடவையாவது பேரெடுத்த பேப்பர் உங்களுக்கு மூணு இருக்குல்லா. அதனால மூணு. நாலு தடவ எடுத்தது நாலு இருந்தா நாலு.

— அப்போ எழுபத்தொண்ணு?

— அதுவும் அந்த மூணுல ஒண்ணு. அவ்வளவுதான்.

— அநியாயமா இருக்கே... கெமிஸ்ட்ரி செல்வதாசுக்கு எத்தன?

— அவருக்கு இண்டெக்ஸ் ரெண்டு. மொத்தமே பத்தொம்பதுதான்.

— மனசு குளுந்துது மக்ளே. நீ மேல எழுது.

— அடுத்தது கூட்டு முயற்சி. பதினாலுல பதினொண்ணு பிரின்சிபால் ரசலையன் சார்கூட எழுதியிருக்கிய. அவரு வரலாறுல்லா?

— வரலாறுதான்.

— எறாவுக்கும் அவருக்கும் என்ன சார்...

— எறாவுக்கு வரலாறு இருக்கப்பிடாதா? பிள்ளே, அவரு கையெழுத்து இல்லாம மீனக் கெடாம போட்டு வைக்க ஒரு பாட்டில் ஃபார்மலின் வாங்க முடியாது. அவரு கையெழுத்துப் போட்டாரு, நான் அவரு பேரப் போட்டேன். கறியில கெடந்த மீனத் தவிர வேற மீன அவரு பாத்ததே கெடயாது.

— ஆனா எழுபத்தொண்ணு வாங்கின அந்த மஞ்ச வால் மீன் பேப்பர்ல அவரு பேரு இல்ல.

— அது நான் ஒத்தைக்கு எழுதினது. ரெண்டாயிரத்தி ஆறு. 'கொளச்சல் கடல்ல இதுவரைக்கும் ஆரும் காணாத மீன்'. ஒரு தடவையாவது ஒத்தைக்கு நிக்கணும்னு ஒரு ஆச இருந்தது. அதுக்க முன்ன எனக்க பேரு எப்பவும் கமாவுக்குப் பெறகுதான் வரும்.

— சார், இங்க கீழ ஒரு வரி இருக்கு. 'நூலகர் சரிபார்த்தது'ன்னு. அதுல நான் ஒப்புப் போடணும்.

— போடு. அதுக்குத்தானே உனக்கிட்ட வந்தேன்.

— அதனால எழுபத்தொண்ணையும் திறந்து பாத்தேன்.

— எல்லாத்தையுமா?

— நேத்து முழுக்க அதுதான் வேல.

— எண்ணினாப் போதாதா மக்ளே... வாசிக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்லியே.

— முதலாவது. 'குமாரதாஸ் சொன்னதற்கு மாறாக, இந்த மீன் கொளச்சல் கடலில் இல்லை.' ரெண்டாவது. 'குமாரதாஸின் தவறான பதிவு.' மூணாவது, 'குமாரதாஸ் சொல்வது ஐயத்துக்குரியது.'

— மூணாவது ஆளு நல்ல மனுசன்.

— பதினேழாவது ஒரு பாடப்புத்தகம். ஆஸ்திரேலியாவுல போட்டது. 'களப்பதிவில் பிழை எப்படி நேரும் என்பதற்கு எடுத்துக்காட்டு'ன்னு ஒரு பெட்டி கட்டி, அதுக்குள்ள நீங்க.

— பாடப்புத்தகத்துல வந்தாச்சா? அதுக்குத் தனியா மார்க் உண்டா?

— சார்...

— கேட்டேன். செரி, மொத்தத்துல ஏச்சு எத்தன?

— அறுபத்தொம்பது.

— மிச்சம் ரெண்டு?

— ஒருத்தரு உங்கள நம்பிட்டாரு, பாவம். இன்னொண்ணு ஸ்பானிஷ்ல இருக்கு. எனக்கு மனசிலாகல்ல.

— அது புகழ்ந்ததா இருக்கும். மக்ளே, ஒண்ணு மட்டும் சொல்லு. கம்ப்யூட்டருக்கு ஏச்சும் ஒண்ணு, பாராட்டும் ஒண்ணு... அப்பிடித்தானே?

— அப்பிடித்தான்.

— செல்வதாசுக்கு வந்த பத்தொம்பதும் பாராட்டா?

— பாராட்டுதான்.

— பாத்தியா. பாராட்டு வாங்கினா பத்தொம்பதுலயே நிக்கும். போட்டு விடு.

— போடலாம். ஆனா லிஸ்டுல இன்னொண்ணு இருக்கு. ரெண்டாயிரத்தி ஒம்பது. ஒத்தப் பக்கம். 'திருத்தம்'னு தலைப்பு.

— அத ஏன் இப்ப எடுக்க...

— சைட்டேஷன் சைபர்.

— தெரியும். தப்ப எழுபத்தொரு பேரு சொமந்துட்டு நடக்கான். தப்புன்னு நான் ஒத்துக்கிட்டத ஒருத்தன் எடுத்துச் சொல்லல்ல. அது அச்சில வந்த அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல்ல மக்ளே.

— அதுல ஒரு வரி இருக்கு சார். 'மாணவர் ஒருவர் தவறான இடம் எழுதி ஒட்டிய பாட்டிலை நம்பியதால்...'

— வாசிக்காண்டாம்.

— '...இப்பிழை நேர்ந்தது.' யாரு சார் அந்த மாணவர்?

— வருசத்துக்கு அம்பது பிள்ளைய படிக்கு. யாருக்க பேரு ஓர்மயில இருக்கு?

— ஓர்மயில இல்லியா?

— இல்ல. ஓர்மயில இருந்தாலும்... நீ ஒப்புப் போடு. நீ போட்டாலும் தீராது, அது வேற காரியம்.

— என்ன காரியம்?

— திங்கக்கிழம கமிட்டியில வாறது யாருன்னு நெனச்ச? கொச்சிக்காரரு. உனக்க லிஸ்டுல முதலாவது ஆளு.

— முதல்ல ஏசினவரா?

— அவரேதான். இன்னைக்குக் காலத்த போன் பண்ணினாரு. 'உம்ம திருத்தத்த வாசிச்சேன். அந்த மாணவரக் கொண்டு வந்து நிறுத்தும். அவரு ஒத்துக்கிட்டா நான் விட்டுருவேன். இல்லேன்னா நீரு வேணும்னே செய்ததுன்னு எழுதி வச்சிட்டுப் போவேன்'னு சொல்லியாச்சு.

— எழுதி வச்சா?

— பிரமோஷன் அத்தோட போச்சு. எனக்கு அம்பத்தாறு ஆச்சு. இனி ஒரு கமிட்டி வரும்போ நான் ரிட்டயராயி அருமனையில ரப்பர் வெட்டுற ஆளுக்குக் காவல் நிப்பேன். முப்பது வருசம் வேல பாத்து அசிஸ்டெண்டாவே எறங்கிப் போணும். உதவிப் பேராசிரியருன்னு கல்லறையில எழுதினா நல்லாவா இருக்கும்?

— சார்... அந்த மாணவர் நான்தான்.

— நீ சும்மா இரு பிள்ளே.

— ரெண்டாயிரத்தி அஞ்சு. நான் பி.எஸ்ஸி. ரெண்டாம் வருசம். ஆளுக்கொரு மீனப் பாட்டில்ல போட்டு, பிடிச்ச எடம் எழுதிக் கொண்டு வரணும்னு சொன்னிய. எல்லாரும் சாளையும் அயிலையும் கொண்டு வந்தாங்க. பெனின்னு ஒரு பய, குளத்துல பிடிச்ச தவளக்குஞ்சக் கொண்டு வந்தான்.

— மீன்னு எழுதிக் கொண்டு வந்தான். அவனுக்கு ஒரு மார்க் போட்டேன்.

— அது ஓர்மயில இருக்கு, நான் ஓர்மயில இல்ல. சார், எங்க வாப்பா தேங்காப்பட்டணத்துல மீன் யாவாரம். பக்கீர் முகம்மதுன்னா எல்லாருக்கும் தெரியும். குஜராத்துல இருந்து ஐஸ் லாரியில பெட்டி வரும். அதுல ஒரு பெட்டியில மஞ்ச வாலு தெரிஞ்சுது. அழகா இருந்தது. எடுத்துட்டு வந்துட்டேன்.

— லேபிள்ல கொளச்சல்னுல்லா...

— வாப்பா ஆரு கேட்டாலும் கொளச்சல் மீனுன்னுதான் சொல்லுவாங்க. 'காலத்த கட்டுமரத்துல வந்தது, இன்னும் துடிக்கு'ன்னு சொல்லுவாங்க. லாரி மீனுன்னு சொல்லி வித்த யாவாரி உண்டா சார்? சின்னதுல இருந்து அதக் கேட்டு வளந்த நாக்கு. நீங்க எடம் எழுதச் சொன்னிய, கையும் அதையே எழுதிப்போட்டு. கட்டுமரம்னும் சேத்து எழுதினேன்.

— ஆமா... 'கட்டுமரம், காலை ஆறு மணி'.

— ஓர்மயிருக்கா?

— ...பேப்பர்ல நானும் அப்பிடியேதானே எழுதினேன்.

— பத்துக்குப் பத்து போட்டிய. எல்லாருக்க முன்னயும் பாட்டிலத் தூக்கிக் காட்டினிய. அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல்ல. பெறகு இந்த லைப்ரேரி வேலைக்கு நீங்கதான் பிரின்சிபால்கிட்ட மூணு தடவ நடந்திய. அன்னைக்கும் சொல்லத்தான் வந்தேன். நேத்து ஒவ்வொண்ணா வாசிக்கும்போ... என்னால ஒரு மனுசன உலகம் பூரா எழுபத்தொரு பேரு ஏசுதான்...

— அறுபத்தொம்பது.

— அறுபத்தொம்பது. எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு சார். நான் வேலைக்கு வந்த இந்த எட்டு வருசமா நீங்க அந்தப் பேச்சக் கேக்குதிய, நான் இங்க ஏ.சி.யில இருந்துட்டு புஸ்தகத்துக்கு நம்பர் ஒட்டுதேன்.

— நீ அழாத பிள்ளே.

— அழல்ல. எழுதி வச்சிருக்கேன். இந்தாங்க, கடிதம். திங்கக்கிழம நேர்லயும் வந்து சொல்லுவேன்.

— வாசி. எனக்குக் கண்ணாடி இல்ல.

— கண்ணாடி நெத்தியில இருக்கு சார்.

— நீயே வாசி.

— 'பாட்டிலில் கொளச்சல் என்று எழுதி ஒட்டியது நான். மீன் குஜராத்திலிருந்து வந்தது. இது குமாரதாஸ் சாருக்குத் தெரிய வழியே இல்லை. பிழை முழுவதும் என்னுடையது. ஷம்னா, நூலகர்.'

— ...வழியே இல்லன்னா எழுதியிருக்க?

— நெசந்தானே?

— இதக் குடுத்தா உனக்கு என்ன வரும்?

— பொய் எழுதினவளுக்கு லைப்ரேரியான்னு ரசலையன் சார் குதிப்பாரு. குதிக்கட்டு. அவரு எறா எழுதினத விடவா? அந்த வேலையும் நீங்க வாங்கித் தந்ததுதானே. போனாப் போட்டு.

— நாளைக்கு எவனாவது உன்னச் சொல்லிக் காட்டினா?

— எழுபத்திரெண்டாவதா என்னையும் போட்டுக்கிடட்டும்... சார், கீழ உங்க ஒப்பும் வேணும், 'வாசித்தேன், உண்மை'ன்னு. பேனா இந்தா இருக்கு. என்ன சார்?

— பேனாவ மூடு மக்ளே. அந்தக் கடிதத்தக் கிழிச்சுப் போடு... உனக்க பேரும் எனக்கு மறக்கல்ல, அந்த மீனும் மறக்கல்ல. பேப்பர் எழுதுறதுக்கு முன்னயே, உனக்க பாட்டில்ல இருந்து காலேஜ் பாட்டிலுக்கு மாத்தும்போ, செவுளுக்குள்ள நனஞ்ச நியூஸ் பேப்பர் ஒரு துண்டு இருந்தது, தலைக்கு மேல கோடு போடாத இந்தி மாதிரி, குஜராத்தி எழுத்து. நான்தான் இடுக்கி வச்சு எடுத்துத் தூரப் போட்டேன்.