பத்துப் பேரை இறக்கிய மாஸ்டர்

மேடையில் வீற்றிருக்கும் தாளாளர் அவர்களே, முதல்வர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே! முன்வரிசையில் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் மனைவி, என் தங்கச்சியே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் என் ஆட்டக்காரப் பிள்ளைகளே! எல்லோருக்கும் வணக்கம். சுவரோரம் நிற்பவர்களுக்கு இன்னொரு முறை வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் நம் கால்பந்து மாஸ்டரைக் கடமை வீரர் என்றார்கள், கல்லூரியின் தூண் என்றார்கள். அவர் பெயரில் ஒரு சுழற்கோப்பை வைக்கப்போவதாகத் தாளாளர் அறிவித்தார். கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. கோப்பை வைக்கிறீர்கள், சரி. அதற்கு ஆட அணி எங்கே? மைதானம் எங்கே? அதைக் கேட்கத்தான் வந்தேன். இரங்கல் கூட்டத்தில் கேட்கக் கூடாதென்றால், வேறு எந்தக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்?

நான் தச்சன். பந்து பிடிக்கத் தெருவில் கற்றேன், எழுதப் படிக்க நானாகக் கற்றேன். மாஸ்டர் இங்கே வேலைக்குச் சேர்ந்ததும் என் பட்டறைக்கு வந்து கோல் கம்பம் செய்யச் சொன்னார். நடுவதற்குப் போனவனை விடவில்லை. “நீங்க டவுன் டீம்ல கோலியா நின்னவராமே அண்ணே? நம்ம பையன் ஒருத்தனுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்” என்றார். அன்று பிடித்த பிடிதான்.

அந்தப் பையன் இதோ தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறான், சோடாபுட்டி. இப்போது அவனுக்கே நரைத்துவிட்டது. முதல் பருவத்தின் முதல் ஆட்டத்தில் ஒன்பது கோல் வாங்கினான். “பந்து வர்றது தெரியலையாடா?” என்று கத்தினேன். “ரெண்டு வந்துச்சு அண்ணே. நான் புடிச்சது தப்பான பந்து” என்றான்.

சிரியுங்கள். மாஸ்டரும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு அவனையே கேப்டனாக்கினார். அதுதான் அவர் வழக்கம். யார் சறுக்கியதால் தோற்றோமோ, அடுத்த ஆட்டத்தில் கேப்டன் பட்டை அவன் கையில். “தப்பு பண்ணவன் மூலையில உட்காரக் கூடாது. முன்னால நடக்கணும்” என்பார். அந்தப் பருவம் முழுக்கத் தோற்றோம். பட்டை ஏறாத கையே இல்லை! இரண்டாம் பருவத்தில் ஓர் ஆட்டம் சமன் ஆனது. அதற்கே பையன்கள் குதித்த குதியில் வேனின் சீட்டு ஒன்று உடைந்து, அதையும் நான்தான் சரிசெய்தேன். மூன்றாம் பருவத்தில் ஜெயிக்கவே ஆரம்பித்துவிட்டோம். நான்காம் பருவத்தில் இறுதி ஆட்டம்!

மைதானம் எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாத நிர்வாகம் அன்றைக்குக் காரில் வந்து இறங்கியது. வரும்போது ஓர் ஆளையும் கூட்டிவந்தது. எங்கள் ஒன்பதாம் எண் பையன் கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். உடை மாற்றும் அறைக்குள் போனால், அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு மீசை வைத்த ஒருவர் ஷூ கட்டிக்கொண்டிருக்கிறார்.

“தம்பி எந்த கிளாஸ்?” என்று மாஸ்டர் கேட்டார்.

“சொல்லித்தான் அனுப்பினாங்க சார். மறந்துபோச்சு.”

“பரவால்ல. சட்டையக் கழட்டிக் குடு. உன்மேல கோபம் இல்ல. உட்கார்ந்து மேட்ச் பாரு.”

தாளாளர் அவர்களே, அப்போது வாசலில் நின்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது. “ஒரு நாள் கண்ண மூடிக்கிட்டா குறைஞ்சா போயிடுவீங்க மாஸ்டர்?” என்றீர்கள். அவர் குரலை உயர்த்தவில்லை. “கால் ஒடிஞ்சவன் பேர்ல இவர் கோல் போட்டா, நாளைக்கு அவன் மூஞ்சில நான் எப்படிங்க முழிப்பேன்?” என்றார்.

மாற்று ஆள் வைத்துக்கொள்ளும் வசதி நமக்கு எந்நாளும் இருந்ததில்லை. பத்துப் பேரை இறக்கினார். பத்துப் பேரும் நாக்குத் தள்ள ஓடினார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். எதிர் அணிக்காரர்கள் வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நம் நிர்வாகத்தின் கார் அதற்குள் கிளம்பிப் போய்விட்டது.

பிறகு நடந்ததை இந்த மேடையில் யாராவது சொன்னார்களா? அணியைக் கலைத்தீர்கள். மைதானத்தில் சரளை கொட்டி வண்டி நிறுத்துமிடம் ஆக்கினீர்கள். நான் நட்ட கோல் கம்பத்தில் ‘இருசக்கர வாகனங்கள்’ என்று பலகை மாட்டினீர்கள். அதோடு ஆத்திரம் தீர்ந்ததா? அந்த வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்க மாஸ்டரையே உட்காரவைத்தீர்கள்! சற்று முன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசிய பேராசிரியர் தினமும் அவர் கையில் டோக்கன் வாங்கியவர்தான். ஒரு நாளாவது ‘நீங்கள் ஏன் இங்கே?’ என்று கேட்டதுண்டா ஐயா?

“தூக்கி எறிஞ்சிட்டு வாங்க மாஸ்டர்” என்று நான் சண்டை போட்டேன். “நானும் போயிட்டா, இங்க ஒரு கிரவுண்டு இருந்துச்சுன்னு சொல்லக்கூட ஆள் இருக்காதே அண்ணே” என்றார். மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும் அங்கேதான், வண்டிகளுக்கு நடுவில்.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சாயங்காலம் வண்டிகள் போனபின் அந்தச் சரளையில் அவர் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். முட்டி தேய்ந்த பிள்ளைகள் இதோ சுவரோரம் நிற்கிறார்கள். உங்கள் கல்லூரி மாணவர்கள்தான், மீசைக்காரரைப் போல வெளியாட்கள் அல்ல! இந்தப் பருவத்தில் கல்லூரியின் பெயரில் இறங்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. மாஸ்டரின் ஆசையும் அதுதான். அவர் விட்ட இடத்திலிருந்து நான் பழக்குவேன். கம்பம் சாய்ந்தால் மறுபடி நடுவேன். என்னை வாசலில் தடுத்தால் வாசலிலேயே நின்று பழக்குவேன். இது அவர் படத்துக்கு முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

பேச்சை முடிக்கச் சொல்லி முதல்வர் ஜாடை காட்டுகிறார். அடுத்து மௌன அஞ்சலியாம். நான் அதில் சேரமாட்டேன். மைதானத்தைப் பிடுங்கியபோது மௌனமாக இருந்தீர்கள், வெயிலில் உட்காரவைத்தபோதும் மௌனமாக இருந்தீர்கள். அந்த மனுஷருக்கு அது போதும். சரளையை வாருவீர்களா? இந்தப் பிள்ளைகள் இந்தப் பருவத்தில் ஆடுவார்களா, மாட்டார்களா? தங்கச்சியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

மைக்கைப் பிடியுங்கள் தாளாளர் ஐயா. சொல்லுங்கள்.