யானை அண்ணன் சாப்பிடாத வரிசை

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, மைதான மேலாளர் அவர்களே, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, வணக்கம்.

நம் தலைமை வெல்டர், அந்தப் பெரிய உடம்புக்காக நாம் 'யானை' என்றே கூப்பிட்ட யானை அண்ணன் போய்விட்டார். நெஞ்சு நோய் என்கிறார்கள். அந்த நோய் வானத்திலிருந்தா விழுந்தது? மைதானத்துக் கூரையிலிருந்து விழுந்தது! பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளை அறுத்தபோது பறந்த தூசியை, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு இழுத்தோம். முகமூடி கேட்டோம். வந்ததா? வரவில்லை. "சட்டையைத் துவைச்சா தூசி போயிடும். நெஞ்சைக் கழட்டியா துவைக்க முடியும்?" என்று சிரித்தவர் அவர்.

கேலரியில் எந்த வரிசையைப் பழுதுபார்த்தாலும் அன்றைய மதியச் சாப்பாடு அவருக்கு அந்த வரிசையில்தான். அண்ணி தூக்குச்சட்டியோடு படியேறி வருவார். இருவரும் அங்கே உட்கார்ந்து சாப்பிட்ட பிறகே வரிசை திறக்கப்படும்.

"யானை உட்கார்ந்தா போதாதா? அண்ணியை வேற ஏன் ஏத்துறீங்க?" என்று கேலி செய்தேன்.

"என் பொண்டாட்டியை உட்கார வைக்கப் பயந்தா, ஊரான் பொண்டாட்டியை எப்படிடா உட்கார வைப்பேன்?" என்றார்.

அண்ணி விட்டாரா? "ஒரு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனதில்லை. காலி மைதானத்தைக் காட்டியே காலத்தை ஓட்டிட்டாரு மனுசன்!"

கிழக்கு கேலரியின் மேல் வரிசைகளில் மட்டும் அண்ணன் சாப்பிடவே இல்லை. அடியில் தாங்கும் இரும்பு துருப்பிடித்து உதிர்கிறது. பெயின்ட் அடித்தால் தெரியாது என்றது நிர்வாகம். அடித்தார்கள். தெரியவில்லை. அண்ணன் மட்டும் கீழேயே நின்றார். "அங்க உட்கார்ந்தா எனக்குச் சாப்பாடு இறங்காது" என்றார்.

சற்றுமுன் மேலாளர் அவர்கள் அதே கேலரிக்கு அண்ணன் பெயரை வைத்து, வரும் போட்டிக்குத் திறப்பதாக அறிவித்தார். பலர் தலையசைத்தீர்கள். நான் அசைக்கவில்லை. அவர் உட்கார மறுத்த இடத்திலா அவர் பெயரை மாட்டுவது?

தோழர்களே, அந்த இரும்பை வெட்டி மாற்றும் வரை கிழக்கு கேலரியைத் திறக்க விடமாட்டோம். முகமூடி இல்லாமல் நம்மில் ஒருவரும் கூரையேற மாட்டோம். இது யானை அண்ணன்மீது ஆணை!

வேலை முடிந்த அன்று மதியம், அண்ணி, தூக்குச்சட்டியோடு வாருங்கள். அண்ணன் இடத்தில் நாங்கள் உட்காருகிறோம். மேலாளர் அவர்களே, நீங்களும் உங்கள் மனைவி மக்களைக் கூட்டி வாருங்கள். மேல் வரிசையில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவோம்.

பெயர்ப்பலகையை அதற்குப் பிறகு மாட்டலாம்.