நிலவில் இறங்காத எஞ்சின்

– அப்ப நீ ஒத்துக்க மாட்டே, அப்படித்தானே வேனியா?

– ஒத்துக்கறேன்னுதானே சொல்றேன், மிரோன். அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்து. அறுபத்தொம்பதுல உங்க ஊருக்கு என்ன பேரு? தினேப்ரோபெத்ரோவ்ஸ்க். நம்ம சோவியத்துல நிலவுல ஆள் இறங்கற வண்டிக்கு எஞ்சின் செஞ்சது அந்த ஊருதான். தினிப்ரோன்னு ஒரு ஊரே அன்னிக்கு வரைபடத்துல கிடையாது. சரித்திரம் எழுதறோம், பாரு. அதுல தப்பா எழுதலாமா?

– கட்டுரைக்குள்ள எல்லா இடத்துலயும் பழைய பேருதான் இருக்கு. பத்திரிகையிலேர்ந்து உனக்கு அனுப்பினத முழுசா படிச்சியா? நான் கேக்கறது நம்ம பேருக்குப் பக்கத்துல. வெனியமின், சமாரா, ரஷ்யா. மிரோன், தினிப்ரோ, உக்ரைன். நான் இன்னிக்குக் குடியிருக்கற ஊர்.

– அங்க ரஷ்யன்ல சொல்ற மாதிரி தினேப்ர்னு போடேன். ரெண்டும் அதே ஆறுதானே. செக் நாட்டுல, பிராகாவுல நம்ம கட்டுரையப் போடற அந்தப் பத்திரிகைக்காரிக்கு ரெண்டும் ஒண்ணுதான், பாரு.

– அவளுக்கு ஒண்ணு இல்ல. ரஷ்யன்ல கியேவ்னு போடறதா, உக்ரைன் மொழியில கீவ்னு போடறதான்னு அவளே என்னக் கேட்டுத்தான் போட்டா. அந்நியப் பொண்ணு கேக்கறா. நீ கேக்க மாட்டேங்கற.

– நீயும் நானும் அம்பத்தஞ்சு வருஷமா ரஷ்யன்லதானே பேசறோம்? இப்பவும் அதுலதானே சண்டை போடறோம்?

– உன்கூட மட்டுந்தான் இன்னும் அதுல பேசறேன்.

– அந்தப் பழைய பேருல அப்படி என்னதான் உனக்குக் கோவம்?

– பெத்ரோவ்ஸ்கி யாருன்னு உனக்குத் தெரியும். அவன் ஆட்சியில வந்த பஞ்சத்துல எங்க அம்மா கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு பட்டினியில போனாங்க. அந்த ஆள் பேர எழுதித்தான் நான் பள்ளிக்கூடத்துல முகவரி எழுதக் கத்துக்கிட்டேன். உங்க ஊரும்தான் குய்பிஷேவா இருந்து சமாரா ஆச்சு. மாத்தின அன்னிலேர்ந்து ஒரு கடுதாசியிலாவது பழைய பேரப் போட்டிருக்கேனா?

– அது வேற, மிரோன்.

– எப்படி வேற?

– போன்ல எல்லாத்தையும் சொல்ல முடியாதுப்பா. இங்க ஒரு வார்த்தைக்கே ஆளக் கூப்பிட்டு விசாரிக்கறாங்க. எண்பத்துநாலு வயசுல எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல. வீட்டுல மத்தவங்க இருக்காங்க, பாரு.

– பயம்னு சொல்லு, புரிஞ்சுக்கறேன். சரித்திரம்னு சொல்லாத.

– சரி, பயந்தான்.

– சரி.

– மிரோன், அந்தப் பொட்டல்ல நிலவுக்குப் போக வேண்டிய நம்ம பெரிய ராக்கெட் கெளம்பின எடத்துலயே விழுந்துதே, ஞாபகம் இருக்கா? எங்கெங்கயோ இருந்த வீட்டு ஜன்னலெல்லாம் உடைஞ்சு போச்சு. அது எங்க ஊர் எஞ்சின், நான் வேலை செஞ்சது. எல்லாரும் ஒதுங்கிப் போனாங்க. நீதான் வந்து பக்கத்துல உக்காந்த. உன்னோட எஞ்சின பின்னாடி பூமியச் சுத்தவிட்டுப் பாத்தாங்க, ஒவ்வொரு தடவையும் ஒழுங்கா எரிஞ்சுது. தூக்கிட்டுப் போக வேண்டிய எங்க ராக்கெட்தான் உருப்படல. அத ஒரு நாளும் நீ குத்திக் காட்டினதில்ல.

– குத்திக் காட்டினா நிலவுக்குப் போயிருக்குமா?

– ஹால்யாகிட்ட போனக் குடு. பொண்டாட்டி சொன்னா நீ கேப்ப. செர்ரிப்பழம் வெச்சு எனக்குன்னு தனியா கொழுக்கட்டை பண்ணுவாளே, அதச் சொல்லித்தான் அவள என் பக்கம் இழுக்கணும்.

– ஹால்யா இல்ல.

– கடைக்குப் போயிருக்காளா?

– அக்டோபர்ல செத்துப் போயிட்டா. பக்கத்துக் கட்டடத்துல ஏவுகணை விழுந்துது. அவ பால்கனியில செடிக்குத் தண்ணி விட்டுட்டிருந்தா. நான் உள்ள ரேடியோ கேட்டுட்டிருந்தேன்.

– மிரோன்.

– ம்.

– ஏம்ப்பா எனக்குச் சொல்லல?

– நீ ரெண்டு வருஷமா போன் பண்ணல, இன்னிக்குக் கட்டுரைக்காகத்தான் கூப்பிட்ட. நானா கூப்பிட்டு என்னன்னு சொல்ல? வேனியா, அவ இறப்புச் சான்றிதழ்ல ஊர் தினிப்ரோன்னு இருக்கு. அவ ஒரு ஊர்ல செத்துப் போயி, நான் வேற ஒரு ஊர்ல உயிரோட இருக்க முடியாது. அதுக்குத்தான் இவ்வளவு நேரமா அந்த வார்த்தைக்கு மல்லுக்கட்டறேன்.

– தினிப்ரோன்னே போடு.

– சரி.

– என் பேர எடுத்துடு.

– மறுபடியும் பயமா?

– இல்ல. பயமில்ல இது. மிரோன், என் பையன் கோஸ்த்யா எப்படி இருக்கான், எங்க வேலை பாக்கறான்னு நீ ஒரு வார்த்த கூடக் கேக்கலியே.

– தெரியும். அதான் கேக்கல.

– எப்படித் தெரியும்?

– நீதான் சொன்ன. இந்தப் போருக்கு ரொம்ப முன்னால. பையனுக்கு ஏவுகணைத் தொழிற்சாலையில வேலை கெடச்சிருக்கு, நம்ம வழிக்கு வந்துட்டான்னு. எவ்வளவு சந்தோஷமாச் சொன்ன.

– தெரிஞ்சுமா என் பேரையும் சேத்து பிராகாவுக்கு அனுப்பின? ஹால்யா போனதுக்கு அப்புறமுமா?

– ரொம்ப நாள் அனுப்பல. கட்டுரை மேசை மேலயே கெடந்துது. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். நான் மட்டும் இங்க ஆயுசு முழுக்க என்ன செஞ்சேன்? ஊர் ஊரா அழிக்கறதுக்கு ஏவுகணை செஞ்சேன். யாரும் அதப் பத்த வெக்கல, என் நல்ல காலம். நிலவு வேலை நடுவுல கொஞ்ச வருஷந்தான். உன் பேரு இருக்கட்டும், வேனியா. நீயும் நானும் செஞ்சதுல ஆளக் கொல்றதுக்குன்னு செய்யாதது அது ஒண்ணுதான்.