பிள்ளைத் துணிக்கு ஒரு பாஸ்போர்ட்

— நிறுத்தாதே மக்ளே, ‘செடிச் சாயம்’னே டைப் அடி.

— பொய்யின்னு தெரிஞ்சு எப்படி மாமா அடிக்க? கீழ ‘பொறுப்பு: திவ்யலட்சுமி’ன்னு என் பேருல்லா வருது.

— கம்ப்யூட்டர் படிச்ச மருமவ வீட்டுல இருக்கும்போ நான் கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனியில போய் ஆளு தேடவா? துணிக்குப் பாஸ்போர்ட்டாம்! எனக்கே கெடையாது, கேட்டோ.

— துணிய வாங்குத வெளிநாட்டுக்காரி பிள்ளைக்குப் போர்த்தும் முன்னால துணியில தச்சிருக்க சீட்டை போனை வச்சுப் பாப்பா. என்ன சாயம், எத்தன அலசு, எல்லாம் அதுல வரணும்.

— நாலு அலசுன்னு போடு.

— நெசமா எத்தன?

— ஒண்ணு. கோடையில தண்ணிக்கு நான் எங்க போவேன்?

— சாயம்?

— மட்டச் சாயந்தான். நானே மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் பட்டறைக்குள்ள போவேன். கப்பல்ல போய்ச் சேரும்போ நாத்தம் போயிரும். சாரமில்ல, ஒண்ணும் ஆவாது.

— சீ! பச்சப்பிள்ள அத வாயில வச்சுச் சப்பும் மாமா. கேக்கவே ஓக்காளம் வருது.

— எந்தப் பிள்ள? எங்கயோ கெடக்க வெள்ளக்காரன் பிள்ள. இந்தச் சரக்கு போகலன்னா பட்டறைய இழுத்துப் பூட்டணும், பாத்துக்கோ. அடி, அடி. நம்ம பிள்ள வேற உள்ள கெடந்து கத்துது.

— ரெண்டு நாளா கத்திக்கிட்டேதான் கெடக்கா. முதுகெல்லாம் தடிச்சுக் கெடக்கு.

— பெத்தவ நண்டு தின்னா பிள்ளைக்குக் கரப்பான் வராம என்ன செய்யும்? நாக்கை அடக்கணும்.

— நண்டுதானா மாமா?

— பின்னே? அத விடு. நாளைக்கு இருபத்தெட்டாம் நாளு, அரைஞாண் கெட்டணும். சாலைக் கடைத்தெருவுல நல்ல வெள்ள மல் துணி வாங்கி வச்சிருக்கேன், அதுல பொதிஞ்சு எடு.

— நம்ம பட்டறைத் துணி இவ்வளவு கெடக்கே?

— ஐயோ, அந்தக் கருமம் வேண்டாம்! நம்ம பிள்ள மேல அது படவே கூடாது.

— அத உங்க மவன் ஜெயந்துகிட்ட ஏன் சொல்லல?

— அவன்ட்ட என்னத்துக்கு?

— ‘அப்பா செடிச் சாயம்னு சொன்னாரு’ன்னு பெருமையா ஒரு மஞ்சத் துணியக் கொண்டாந்து தொட்டில்ல விரிச்சவரு அவருதான். ரெண்டு நாளு பிள்ள அதுலதான் கெடந்தா. இன்னைக்குக் காலையில நான்தான் உருவி வீசினேன். முதுகுல ஒட்டின மஞ்சள் குளிப்பாட்டியும் போகல. இப்பம் சொல்லுங்க மாமா, என்ன அடிக்க?